ஹென்ஸ்லோ: வட்டிக்காரரா, நாடகக் கம்பெனியின் கணக்கரா?

பேரேட்டுக்காரன்:
வணக்கம். இங்கே எல்லாரும் நாடகப் பிரதிகளைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் இதைப் போடலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நான் முப்பது வருடமாக ஜவுளிக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆறு மாதமாக ராத்திரிகளில் நான் படித்துக்கொண்டிருப்பது, லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் 1587-இல் ரோஸ் என்ற நாடகக் கொட்டகையைக் கட்டிய பிலிப் ஹென்ஸ்லோவின் புத்தகம். ‘ஹென்ஸ்லோவின் டைரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனசில் இருப்பதை ஒரு நாள்கூட அந்த மனிதர் அதில் எழுதவில்லை. வரவு, செலவு, கைமாற்று, அடகு, செங்கல் வாங்கிய காசு, நடுவில் கொஞ்சம் கைவைத்தியக் குறிப்பு. பச்சையான கணக்குப் புத்தகம்.

அந்த நோட்டே முதலில் அவருடையது இல்லை. அவருடைய சகோதரர் ஜான், ஆஷ்டவுன் காட்டில் நடந்த சுரங்க வேலை, உலை வேலைக் கணக்கை அதில் எழுதியிருந்தார். வெள்ளைத்தாள் நிறைய மிச்சம் இருந்திருக்கிறது. பிலிப் நோட்டைத் திருப்பிப் போட்டு அந்தக் கோடியிலிருந்து தன் கணக்கை ஆரம்பித்துவிட்டார். இதைப் படித்த அன்றே எனக்கு அவர் மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது, ஏனென்றால் நான் பார்த்த எந்தப் பழைய கடையிலும் நோட்டின் மிச்சத் தாளை யாரும் தூக்கிப் போட்டதில்லை.

நாடக வசூல் 1592 பிப்ரவரி 19 அன்று தொடங்குகிறது, ஆனால் அவர் போட்டிருக்கும் ஆண்டு 1591. அது பிழை இல்லை. அப்போது இங்கிலாந்தில் மார்ச் 25-ஆம் தேதிதான் ஆண்டு மாறும். மார்ச் கடைசியில் கணக்கை முடித்துப் புதுக்கணக்கு போடுகிற நமக்கு இது சட்டென்று புரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். 1890-இல் ஃப்ளே என்ற ஆய்வாளர் ஹென்ஸ்லோவை, படிப்பில்லாத பணக்காரர், கலையைச் சுரண்டப் பார்த்தவர் என்று எழுதிவைத்தார். அதற்கப்புறம் ரொம்ப காலம் பலரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. 1597 இலையுதிர்காலம் வரை அந்தப் புத்தகம் பெரும்பாலும் தினசரி வசூல். அதற்கப்புறம், ரோஸில் ஆடிய அட்மிரல் குழு என்ற நடிகர் குழுவுக்கு அவர் கொடுத்த பணம். ஒவ்வொரு வரியிலும் எந்த நடிகர் சொல்லிக் கொடுத்தது, எந்த நாடகத்துக்கு, யார் கையில் போனது என்று இருக்கிறது. 1599 நவம்பரில் ராபர்ட் ஷா என்ற நடிகர் ஹென்ஸ்லோவுக்கு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இன்றும் இருக்கிறது. எழுத்தாளர்களுடைய நாடகத்தைக் கேட்டோம், பிடித்திருக்கிறது, விலை 8 பவுண்டு, அவர்களில் ஒருவரான வில்சன் கையில் கொடுத்துவிடுங்கள் என்கிறார். இது வவுச்சர். எந்த நாடகத்தை வாங்குவது என்று முடிவு செய்தது நடிகர்கள், பணத்தை எடுத்து வைத்தது ஹென்ஸ்லோ. இதில் சுரண்டல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மேடைக்குரல்:
ஐயா, அருமையான பதிவு. சுரண்டலைப் பற்றி அப்புறம் பேசலாம், எனக்கு வேறொரு சந்தேகம். 1594-95 பருவத்தில் அட்மிரல் குழு வாரத்துக்கு ஆறு நாள் ஆடியது, மொத்தம் 38 நாடகம், அதில் 21 புதுசு என்று படித்தேன். நாங்கள் ஒரு நாடகத்தைத் தயார் செய்யவே மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறோம். இவர்கள் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றி மாற்றி ஆடியிருக்கிறார்கள். எப்படி மனப்பாடம் செய்தார்கள்?

சுவடிப்பெட்டி:
தம்பி, அவர்கள் கையில் முழு நாடகம் இருக்கவே இல்லை. அதுதான் பதில்.

ஒரு நடிகருக்குக் கிடைப்பது அவர் பேசவேண்டிய வசனம் மட்டும். அவருக்கு முன்னால் பேசுகிறவரின் கடைசி ஒன்றிரண்டு சொற்களை, ஒரு நீளக் கோடு இழுத்து ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் இவர் தொடங்க வேண்டும். இப்படிப்பட்ட தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து லண்டன் தொழில்முறை மேடையிலிருந்து தப்பிப் பிழைத்த சுருள் ஒன்று உண்டு: ராபர்ட் கிரீன் எழுதிய நாடகத்தில் ஆர்லாண்டோ பாத்திரத்துக்காக அட்மிரல் குழுவின் முதன்மை நடிகர் எட்வர்ட் ஆலின் வைத்திருந்தது. எழுத்தர் படி எடுக்கும்போது விட்டுவிட்ட இடங்களை ஆலினே தன் கையால் நிரப்பியிருக்கிறார். அதன் படத்தை முதல்முறை பார்த்தபோது நான் அரைமணி நேரம் அதைவிட்டு நகரவில்லை. அந்த நிரப்பிய சொற்களில் ஒரு நடிகர் வேலை செய்துகொண்டிருப்பது தெரிகிறது.

இதை வைத்துத்தான் டிஃபனி ஸ்டெர்ன், சைமன் பால்ஃப்ரே போன்ற ஆய்வாளர்கள் நாடகப் பிரதியையே வேறு மாதிரி படிக்கச் சொல்கிறார்கள். எதிரே நிற்பவன் எவ்வளவு நேரம் பேசுவான், எப்போது நிறுத்துவான் என்று நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது காதைத் தீட்டிக்கொண்டுதானே நிற்பீர்கள்? அந்தக் கவனம் பார்வையாளருக்கும் தெரியும். யார் எப்போது உள்ளே வரவேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலைத் தடித்த அட்டையில் ஒட்டி, மேடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ‘ஏழு கொடும்பாவங்கள்’ என்ற நாடகத்துக்கான அட்டை, மாட்டுவதற்கான ஓட்டையோடு இன்னும் இருக்கிறது.

இந்தத் தாள்களில் பெரும்பாலானவை தப்பியதற்கு ஒரே காரணம், ஆலின் ஹென்ஸ்லோவின் வளர்ப்பு மகள் ஜோனைக் கட்டியவர், டல்விச் கல்லூரியை 1619-இல் நிறுவியவர், தன்னிடம் இருந்த காகிதங்களை அங்கே விட்டுப்போனவர். ஷேக்ஸ்பியர் இருந்த குழுவுக்கு இப்படி ஒரு பெட்டி கிடைக்கவில்லை.

மேடைக்குரல்:
நன்றி டீச்சர். அடுத்த ஒத்திகையில் இப்படிச் சுருள் எழுதிக்கொடுத்துப் பார்க்கப்போகிறேன். யாரிடமும் முழுப் பிரதியைக் கொடுக்கமாட்டேன்.

பேரேட்டுக்காரன்:
டீச்சர் சொன்னதோடு துணிக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது என் தொழில். 1603-இல் தாமஸ் ஹேவுட் எழுதிய ஒரு குடும்ப நாடகத்துக்கு ஹென்ஸ்லோவின் புத்தகம் அவருக்குக் கொடுத்தது 6 பவுண்டு. அதே நாடகத்தில் கதாநாயகி போட்டுக்கொள்ள வாங்கிய கறுப்பு வெல்வெட் கவுனுக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங். நாடகத்தைவிட உடுப்பு விலை அதிகம். பவுண்டுக்கு 20 ஷில்லிங், அப்போது கைத்தொழில் தெரிந்த ஒருவரின் நாள்கூலி ஒரு ஷில்லிங் சுற்றளவில் இருந்தது. அப்படியானால் அந்த கவுன் ஒரு தச்சரின் நான்கு மாதக் கூலிக்கு மேல். பெண் வேடத்தையும் பையன்களே ஆடிய காலம், அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றது ஒரு பையன்.

பலர் இதைச் சொல்லி எழுத்தாளனுக்கு மரியாதை இல்லை பாருங்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவுன் பத்து நாடகத்துக்கு ஆகும், நைந்தால் வெட்டித் தைக்கலாம், முடைப்பட்டால் அடகு வைக்கலாம். அது அசையும் சொத்து. பிரதி ஓடினால் உண்டு, இல்லையென்றால் நான்கு நாளில் முடிந்தது.

1598 மார்ச்சில் எடுத்த இருப்புப் பட்டியலும் உண்டு. பாறை ஒன்று, கூண்டு ஒன்று, கல்லறை ஒன்று, நரக வாய் ஒன்று, ரோம் நகரம், சூரிய சந்திரர் துணி. மறைந்து போவதற்கான அங்கி என்று ஒன்று. அதை மாட்டிக்கொண்டால் அந்தப் பாத்திரம் மற்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கூட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதையும் மற்ற துணிமணிகளோடு உருப்படியாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். மாலோன் என்பவர் 1790-இல் இந்தப் பட்டியலை அச்சில் போட்டார், நல்ல வேளை, ஏனென்றால் மூலத்தாள் பிறகு காணாமல் போய்விட்டது.

கூட்டல்கழித்தல்:
வசூலை வைத்து எத்தனை பேர் வந்தார்கள் என்று போட்டுப் பார்த்தேன். 1592 மார்ச் 3, ‘ஹாரி ஆறு’ என்று அவர் எழுதியிருக்கும் நாடகம், அதாவது ஆறாம் ஹென்றி. 3 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்ஸ். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், மொத்தம் 920 பென்ஸ். நுழைவு ஒரு பென்னி. 920 பேர். சரிதானே?

பேரேட்டுக்காரன்:
சரி இல்லை தம்பி, இந்த இடத்தில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். ஹென்ஸ்லோ எழுதியது மொத்த வசூல் இல்லை, அவர் பங்கு. மாடத்தில் வசூலாவதில் பாதி கொட்டகைக்காரருக்கு, மீதிப் பாதியும் வாசலில் வாங்கும் பென்னியும் நடிகர்களுக்கு என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் அன்று மாடத்தில் மட்டும் 1840 பென்ஸ். தலைக்கு ஒரு பென்னி என்றால் 1840 பேர் மாடத்தில் உட்கார வேண்டும், கீழே நிற்கிற கூட்டம் தனி. அந்தக் கட்டடம் தாங்காது. அதனால் சிலர் கூடுதல் காசு கொடுத்து நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், புது நாடகம் என்பதால் கட்டணத்தையே கூட்டியிருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.

அந்த வரியின் ஓரத்தில் ‘என், இ’ (ne) என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் பெரிய தலைவலி. புதுசு என்று அர்த்தமா, புதிதாக உரிமம் வாங்கியதா, நியூயிங்டன் பட்ஸ் என்ற ஊரா? மூன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். ‘அலெக்சாண்டரும் லோடோவிக்கும்’ என்ற நாடகத்துக்கு 1597 ஜனவரியில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை, இரண்டு தடவை அந்தக் குறி விழுந்திருக்கிறது. புதுசு என்றால் இரண்டு தடவை எப்படி? என் அனுபவத்தில் ஒரு கணக்கன் ஓரத்தில் போடும் குறி அவனுக்கு மட்டும் உதவுவது. ஒரே குறியை அவன் இரண்டு காரணத்துக்குப் போடுவான், அவன் இருக்கிறவரை யாரும் கேட்கமாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் அந்தக் குறியும் பெரிய வசூலும் சேர்ந்தே வருகின்றன, என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

கூட்டல்கழித்தல்:
புரிந்தது. 1594 ஜூன் 9 அன்று ஹாம்லெட் என்று ஒரு வரி, 8 ஷில்லிங்தான் இருக்கிறது. ஹாம்லெட்டுக்கே இவ்வளவுதானா என்று அதிர்ச்சியாக இருந்தது.

சுவடிப்பெட்டி:
அது நாம் படிக்கும் ஹாம்லெட் இல்லை. அதற்கு முன்பே அந்தக் கதையில் ஒரு பழைய நாடகம் இருந்தது, பிரதி கிடைக்கவில்லை. ஆடியதும் ரோஸில் இல்லை, ஊருக்கு வெளியே நியூயிங்டன் பட்ஸில். இப்படித் தலைப்பு மட்டும் மிஞ்சிய நாடகங்கள் இந்தப் புத்தகத்தில் நிறைய. நம் கையில் இருக்கும் பிரதிகளை வைத்து அந்தக் கால மேடையை எடைபோட்டால் தட்டு ஒரு பக்கம்தான் சாயும், ஏனென்றால் காணாமல் போனவைதான் அதிகம். காணாமல் போன நாடகங்களுக்கென்றே ரோஸ்லின் நட்சன், டேவிட் மெக்கின்னிஸ் ஆகியோர் ஒரு தரவுத்தளத்தைத் தொடங்கி நடத்தினார்கள். அதற்கு இந்தக் கணக்குப் புத்தகம் பெரிய ஊற்று.

தேம்ஸ்கரை:
நான் லண்டனில் இருக்கிறேன். ரோஸ் இருந்த இடத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், பேரேட்டுக்காரர் அண்ணாவுக்காக அதைச் சொல்கிறேன்.

1989-இல் அலுவலகக் கட்டடம் கட்டத் தோண்டியபோது அடித்தளம் வெளியே வந்தது. கட்டடம் எழும்பினால் எல்லாம் போய்விடும் என்று பெக்கி ஆஷ்க்ராஃப்ட், இயன் மெக்கெல்லன் எல்லாம் தெருவில் வந்து நின்றார்கள். கடைசியில் கட்டடத்தை அடித்தளத்தின் மேல் படாமல் தூக்கிக் கட்டினார்கள். கீழே போனால் இருட்டு. சிதைவைக் காய்ந்து வெடிக்காமல் காக்க மணல் போட்டு மூடித் தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறார்கள், மேடை இருந்த எல்லைக்கோட்டைக் காட்டச் சிவப்பு விளக்கு வளைவாக ஓடுகிறது. ஒரே ஈர வாசனை. மேலே ஆள்கள் அலுவலகம் போய் வருகிறார்கள்.

முக்கியமான சங்கதி இதுதான். ஹென்ஸ்லோ 1592-இல் செங்கல், சுண்ணாம்பு, மணல், ஆணி, கூரை வேய்பவருக்குக் கூலி என்று 100 பவுண்டுக்கு மேல் செலவு எழுதியிருக்கிறார். அது சின்ன மராமத்தா, பெரிய வேலையா என்று அந்தப் பக்கங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தோண்டியதில் இரண்டு கட்டம் தெளிவாக வந்தது. முதலில் கட்டியதன் வடக்குப் பகுதியை இடித்து வெளியே தள்ளிக்கட்டி, மேடையையும் பின்னால் நகர்த்தி, கூட்டம் நிற்க இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கணக்கில் இருந்தது மண்ணிலும் இருந்தது.

தரையில் ஹேசல் கொட்டையின் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. பார்க்க வந்தவர்கள் கொறித்துப் போட்டது என்றுதான் முதலில் எல்லாரும் எழுதினார்கள். பிறகு, அது சோப்புப் பட்டறைக் கழிவு, சாம்பலோடு கலந்து தரை இறுகக் கொட்டியது என்று வேறொரு விளக்கம் வந்தது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் ஓடு மேலாகச் சிதறிக் கிடக்கவில்லை, தரையோடு தரையாகக் கலந்திருந்தது.

பேரேட்டுக்காரன்:
தம்பி, இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் ஆறு மாதமாகப் பார்க்கும் செங்கல் வரிகளை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள்.

மேடைக்குரல்:
இத்தனை பேர் பெயர் வருகிறதே, ஷேக்ஸ்பியர் பெயர் எங்கே?

சுவடிப்பெட்டி:
ஒரு இடத்திலும் இல்லை. அந்த வெறுமையைத் தாங்க முடியாமல்தான் பெரிய அநியாயம் நடந்தது. ஜான் பெய்ன் கோலியர், 19-ஆம் நூற்றாண்டில் மதிப்பான ஆய்வாளர், டல்விச் காகிதங்களை நம்பி அவரிடம் கொடுத்தார்கள். ஹென்ஸ்லோ நோட்டில் இருந்த காலி இடங்களில் பொய் வரிகள் ஏறின. மார்லோவின் ஃபாஸ்டஸ் நாடகத்தில் புதிதாகச் சேர்த்து எழுத தாமஸ் டெக்கர் என்ற நாடக ஆசிரியருக்கு 20 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி, அது முழுப் பொய். 1603-இல் ஜோன் தன் கணவர் ஆலினுக்கு எழுதிய கடிதம் ஓரம் சிதைந்து போயிருக்கிறது. அந்தச் சிதைந்த இடத்தில் குளோப் நாடகக் கொட்டகையின் ஷேக்ஸ்பியரைப் பற்றிய பேச்சு இருந்ததாக கோலியர் அச்சில் போட்டார். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. 1881-இல் வார்னர் டல்விச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டபோது இந்தப் புரட்டுகளைத் தோலுரித்தார். அப்புறம் கிரெக், அவருக்குப் பின் 1961-இல் ஃபோக்ஸும் ரிக்கர்ட்டும், ஒவ்வொரு வரியையும் சோதித்துத் திருத்திப் பதிப்பிக்க வேண்டியதாயிற்று. இன்று நாம் நிம்மதியாக மேற்கோள் காட்டுவது அவர்கள் உழைப்பில்.

எனக்கு இதில் ஆறாத கோபம், அந்தக் குடும்பத்தின் கடிதங்களுக்கு ஷேக்ஸ்பியர் தேவையே இல்லை என்பதால். 1593-இல் லண்டனில் கொள்ளைநோய், கொட்டகைகள் மூடல், ஆலின் ஊர் ஊராகப் போய் ஆடுகிறார். ஆகஸ்டில் பிரிஸ்டலிலிருந்து மனைவிக்கு எழுதுகிறார். என் அருமைச் சுண்டெலியே என்று கூப்பிட்டு, வீட்டைச் சுத்தமாக வை, சாயங்காலம்தோறும் வாசலிலும் கொல்லையிலும் தண்ணீர் தெளி, ஜன்னலில் அருவதாச் செடி நிறைய வை என்கிறார். ஆரஞ்சு நிறக் கம்பளிக் காலுறைக்கு நல்ல கறுப்புச் சாயம் போட்டு வை, குளிர்காலத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பார்ஸ்லி இருந்த பாத்தியில் செப்டம்பரில் பசலைக்கீரை விதைத்துவிடு, நானே செய்வேன், ஆனால் நவம்பர் வரை வரமுடியாது. லண்டன் மேடையின் மிகப் பெரிய நடிகர் பாத்தியில் என்ன விதைப்பது என்று கவலைப்படுகிறார். சுற்றுப்பயணம் என்றால் என்ன என்று எனக்கு இந்தக் கடிதம்தான் சொல்லிக்கொடுத்தது.

எதிர்வாதம்:
எல்லாரும் ஹென்ஸ்லோவைத் தூக்கி வைத்துப் பேசுவதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 1615-இல் அவரிடம் இருந்த நடிகர்களே அவர் மேல் குற்றப்பட்டியல் எழுதினார்கள். மூன்று ஆண்டில் ஐந்து குழுக்களை உடைத்தார் என்கிறார்கள். இவன்கள் என் கடனிலிருந்து வெளியே வந்துவிட்டால் எனக்கு இவன்கள் மேல் பிடி இருக்காது என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

1614-இல் ராபர்ட் டாஸ் என்ற நடிகரோடு போட்ட ஒப்பந்தத்தையும் பாருங்கள். ஒத்திகைக்குத் தாமதமானால் 12 பென்ஸ், ஒத்திகை முடிந்தும் வரவில்லையென்றால் 2 ஷில்லிங், மூன்று மணிக்கு உடுப்புப் போட்டுத் தயாராக இல்லையென்றால் 3 ஷில்லிங், குடித்துவிட்டு வந்தால் 10, காட்சிக்கே வராவிட்டால் 20. கம்பெனி உடுப்போடு கொட்டகையை விட்டு வெளியே போனால் 40 பவுண்டு. ஒரு நடிகனால் எளிதில் கட்ட முடியாத தொகை. டெக்கரைச் சிறையிலிருந்து மீட்க 1598-இல் 40 ஷில்லிங் கொடுத்தார் என்று பாராட்டுகிறார்கள். மீட்ட ஆள் அப்புறம் யாருக்கு எழுதுவான்? கடன் கொடுத்தவருக்குத்தானே? உங்கள் வவுச்சரில் யார் சொல்லி யாருக்குப் போனது என்று இருக்கும் ஐயா, வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டவன் முகம் இருக்காது.

மேடைக்குரல்:
உடுப்புக்கு 40 பவுண்டு ஏன் என்று மேலே அந்த கவுன் கணக்கைப் பார்த்தால் புரிகிறது. ஆனாலும் எதிர்வாதம் சொல்வது நெஞ்சில் தைக்கிறது.

பேரேட்டுக்காரன்:
எதிர்வாதம் அவர்களுக்கு. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், மறுபடி புத்தகத்தைப் பார்த்தேன்.

1615 பட்டியல் வேறு குழு, வேறு காலம், எழுதியவர்கள் எதிர்க்கட்சி. அதை வைத்து 1598-ஐத் தீர்மானிக்கக் கூடாது என்று இப்போதும் சொல்வேன். 1600-இல் அட்மிரல் குழு நடிகர்கள் 300 பவுண்டு கடனை ஒப்புக்கொண்டு அதே நோட்டில் கையெழுத்திட்டிருக்கிறார்கள், அதற்கப்புறமும் அந்தக் குழு உடையவில்லை, பெரிதாக வளர்ந்தது, புதிதாக ஃபார்ச்சூன் கொட்டகைக்குப் போனது. அழிக்க நினைத்தவர் அந்தக் கொட்டகைக்கு 440 பவுண்டுக்குத் தச்சரோடு ஒப்பந்தம் போட்டிருக்கமாட்டார்.

ஆனால் உங்கள் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. முதல் தடவை படித்தபோது டிக் அடித்துவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரிக்குத் திரும்பப் போனேன். 1597 டிசம்பர் 18. வில்லியம் அகஸ்டின் என்ற நடிகரிடமிருந்து ‘என் பையன் ஜேம்ஸ் பிரிஸ்டோவை’ வாங்கியது, 8 பவுண்டு என்று ஹென்ஸ்லோ எழுதியிருக்கிறார். வாங்கியது என்றே எழுதியிருக்கிறார், துணிக்கும் செங்கலுக்கும் எழுதுகிற அதே சொல். பிறகு, 1600 ஏப்ரல் 23 முதல் அடுத்த பிப்ரவரி 15 வரை பிரிஸ்டோவின் சம்பளமாகக் கம்பெனி ‘எனக்கு’த் தரவேண்டியது 6 பவுண்டு 10 ஷில்லிங் என்கிறார். பையனுக்கு இல்லை, ‘எனக்கு’. வாரம் 3 ஷில்லிங் கணக்கு வருகிறது. 8 பவுண்டு என்பது 160 ஷில்லிங். 53 வாரம் ஓடினால் 159 வந்துவிடும், 160-ல் ஒரு ஷில்லிங்தான் பாக்கி. 54-ஆவது வாரத்தில் அதுவும் அடைந்துவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம்.

இந்தக் கூட்டலை நான் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு துண்டுத்தாளில் போட்டேன். அந்த வெல்வெட் கவுன் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்ற பையன்களில் இவனும் ஒருவனாக இருக்கலாம். கவுன் 6 பவுண்டு 13, பையன் 8. இரண்டும் ஒரே நோட்டில், ஒரே கையெழுத்தில்.

எதிர்வாதம்:
ஐயா, அந்தப் பையன் பேரில் வேறு வரி ஏதாவது இருந்தால் போடுங்கள். நானும் தேடுகிறேன்.

பேரேட்டுக்காரன்:
முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை வசூலை விட்டுவிட்டு ஆள் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறேன்.